இந்தியாவுக்கு இ-விசா எடுத்தவர்கள் சொல்லுங்கள்: படிவத்தில் எங்கே மாட்டினீர்கள்?

சாட்ஸ்வர்த் மருமகள்:

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவுக்குக் கட்டணம் கிடையாது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. என் நாத்தனார் கூகுளில் தேடி, மேலே முதலில் வந்த தளத்திலேயே விண்ணப்பித்து, ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ராண்ட் கட்டினார். தளத்தில் தாஜ்மகால் படம், மூவர்ணக் கொடி எல்லாம் இருந்ததாம். விசா வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் செய்த வேலை, நாத்தனார் தட்டிக்கொடுத்ததையே எடுத்து அரசுத் தளத்தில் இன்னொரு முறை தட்டியதுதான். இந்திய அரசின் தள முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அப்படி முடியாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தரகர் கடைதான்.

அந்தக் கதையைக் கேட்டபிறகு எங்கள் வீட்டுப் படிவங்களை நானே உட்கார்ந்து நிரப்பினேன். என் மாமியாருடையதுதான் நேரம் எடுத்தது. கம்ப்யூட்டரால் அல்ல, கேள்விகளால்.

அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் பிறந்த ஊர், நாடு எல்லாம் கேட்பார்கள். மாமியாரின் அம்மா டோங்காட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர். அது ஊர்ப் பெயரா, எஸ்டேட் பெயரா என்று பெரியம்மாவுக்கு போன் போட்டுத்தான் முடிவு செய்தோம். பெயர் எப்போதாவது மாறியதா என்று ஒரு கட்டம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் வீட்டுப் பெயர் ஏறியிருந்தால் அதில் 'ஆம்' என்று போட்டு, பழைய பெயரையும் எழுத வேண்டும். நம் பெண்களில் பலர் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மதம் என்ன என்று கேட்டபோது மாமியார் யோசிக்காமல் "தமிழ்னு போடு" என்றார். இங்கே நம் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் பட்டியலில் அது இல்லை. இந்து என்று போட்டேன். அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை.

உடம்பில் அடையாளம் கேட்டதும் மட்டும் கையை நீட்டிவிட்டார், சின்ன வயதில் குத்திய பச்சை.

நிரந்தர முகவரி என்று இன்னொரு கட்டம். "எங்களுக்கு எதும்மா நிரந்தரம்? மேகஸின் பராக்ஸில இருந்தவங்கள லாரியில ஏத்திக் கொண்டாந்து இங்க விட்டாங்க" என்று ஆரம்பித்தவர், அறுபதுகளில் டர்பன் இந்தியர்களைக் குடியிருப்பிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விட்ட கதை முழுவதையும் சொல்லி முடித்தார். நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் பக்கம் காலாவதியாகி வெளியே தள்ளிவிட்டது. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு தற்காலிக எண் தருவார்கள், அதை எழுதி வைத்திருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

உங்கள் அனுபவம் எப்படி?


பீனிக்ஸ் பையன்:

எனக்குக் கேள்விகளில் சிக்கலில்லை, கோப்புகளில்தான். போட்டோ ஜேபெக், சதுரமாக, 10 கேபிக்கு மேல் 1 எம்பிக்குள். வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது. பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள். போன் செயலியில் ஸ்கேன் செய்தால் சுலபமாக இரண்டு மூன்று எம்பி வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் எடுத்துச் சுருக்கினால் சரியாகும், ஆனால் கீழே இருக்கும் இரண்டு வரி எழுத்துகள் மங்கக் கூடாது.

நான் விண்ணப்பித்தது லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த காலம். அப்லோட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விடும். அந்தத் தற்காலிக எண் இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.


லெனேசியா லட்சுமி:

விசாவை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை மறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இல்லை. அதனால் துபாய் வழியாகப் போகிறவர்களுக்குக் கவலையில்லை. ஆனால் டிக்கெட் விலை பார்த்து அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போகிறவர்கள் நம்மில் நிறைய. எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அதனால் அவற்றின் வழியாகப் போனால் இந்தியாவில் அந்த அட்டையைக் கேட்பார்கள்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிப் போகிறவர்களுக்கு இந்தியா விலக்கு தரலாம். ஆனால் அது அங்கே இருக்கும் சுகாதார அதிகாரி ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது. என் அண்ணன் குடும்பத்துக்கு நைரோபியில் ஒரு ராத்திரி ஓட்டலில் தங்க நேர்கிற மாதிரி டிக்கெட் போட்டுக் கொடுத்தார் ஒரு ஏஜென்ட். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணி ஒரு கிளினிக்கில் நர்ஸ், அவர் கண்ணில் பட்டதால் தப்பினார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும். பயணத்துக்கு முந்தின நாள் ஓடிப் போய்ப் போட்டுக்கொண்டு பயனில்லை. அட்டை இல்லாமல் போய் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பழனிக்குப் போக வேண்டிய நாட்களை அங்கே கழிக்க யாருக்கு ஆசை? திரும்பி வரும்போதும் பாருங்கள், அந்த நாடுகளில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நம் ஆட்களும் அட்டை கேட்பார்கள்.

ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஒன்பது மாதம் தாண்டிய பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.


பீட்டர்மரிட்ஸ்பர்க் பெரியவர்:

மருமகள் சொன்ன கேள்விகளோடு இரண்டைச் சேர்க்கிறேன்.

பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் குடிமக்களா என்று கேட்பார்கள். பதறாதீர்கள், இல்லை என்று போட்டு நகருங்கள். என் முப்பாட்டனார் சென்னையில் கப்பல் ஏறிய காலத்தில் பாகிஸ்தான் என்றொரு நாடே கிடையாது.

இன்னொன்று, இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் யார், அவர் பெயர், முகவரி, தொலைபேசி எண். நம்மில் பெரும்பாலோருக்கு அங்கே யாரும் இல்லை. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த கப்பல்களின் பட்டியலில் என் குடும்பத்துக்குக் கிடைப்பது வட ஆற்காடு, ஒரு தாலுக்கா, ஒரு கிராமத்தின் பெயர் என்று நினைக்கத்தக்க ஏதோ எழுத்துகள், அவ்வளவே. அங்கே யாரைத் தெரிந்தவர் என்று எழுதுவது? முதல் இரண்டு நாள் தங்கப்போகும் மயிலாப்பூர் விடுதியின் பெயரையும் எண்ணையும் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். சிலர் யாரோ ஒருவருடைய பெயரை வெறுமனே எழுதிவிடுகிறார்கள். அது தேவையில்லாத வேலை.

இப்போது வகைகளுக்கு வருவோம். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று மூன்று இருக்கின்றன. 30 நாள் விசாவில் இரண்டு முறை நுழையலாம், நாம் இந்தியாவில் இறங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. அனுமதித் தாளில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி நுழைவதற்கான கடைசி நாள், திரும்ப வேண்டிய நாள் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் டிக்கெட்டை மாற்றிப் பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஓராண்டு விசாவில் கணக்கு வேறு, அது அனுமதி கொடுத்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு 30 நாள் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், நீண்ட விசாவுக்கு 120 நாள் முன்பே முடியும். எப்படியும் கட்டணம் இல்லை என்னும்போது நம்மவர் 30 நாளையே ஏன் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. தைப்பூசத்துக்கு ஒருமுறை போனவர்கள் அடுத்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குப் போக ஆசைப்படுவார்கள். ஐந்தாண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.


போர்ட் லூயி தங்கை:

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன், உள்ளே வரலாமா? எங்களுக்கும் இ-டூரிஸ்ட் விசா இலவசம். இங்கே இப்போது பலர் ஓசிஐ அட்டை, அதாவது இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் நீண்டகால அனுமதி அட்டை பக்கம் திரும்பிவிட்டார்கள். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் இங்கே வந்தபோது, மொரீஷியஸில் இருக்கும் ஏழாம் தலைமுறை வரை அதைத் தருவதாக அறிவித்தார். ஆனால் பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்க வேண்டும், அது இந்தப் படிவத்தைப் போல ஒரு சாயங்கால வேலையில்லை. விடுமுறைக்கு மட்டும் போகிறவர்களுக்கு இ-விசாவே போதும். நானும் அதில்தான் போனேன்.


சாட்ஸ்வர்த் மருமகள்:

பெரியவர் ஐயாவுக்கு நன்றி, அந்தக் காலாவதித் தேதியில் என் கணவரும் குழம்பினார்.

போய் வந்தபிறகு இரண்டு விஷயம். விசா கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தாலும், தளத்தில் நிலையைப் பார்த்து 'கிராண்டட்' என்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். போனில் காட்டினால் போதும் என்று வாதாடிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் வரிசையை நிறுத்தி வைத்திருந்தது.

சென்னையில் இ-விசாக்காரர்களுக்குத் தனி வரிசை. அங்கே கைரேகை எடுப்பார்கள். மாமியாருக்கு ரேகை விழவே இல்லை. வருஷக்கணக்காகத் துணி தைத்த கை, விரல் நுனி தேய்ந்துபோயிருக்கிறது. அந்த அதிகாரி பொறுமையாக ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாக அழுத்தி எடுத்தார். "பாட்டி, எந்த ஊரு நீங்க?" என்று தமிழில் கேட்டார். மாமியார் "டர்பன்" என்றார். அப்புறம் அவருக்கே என்ன தோன்றியதோ, "வட ஆற்காடு" என்றும் சேர்த்துக்கொண்டார்.


வெருலம் அம்மா:

பிள்ளைகளை எங்கள் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் போட முடியுமா? கைக்குழந்தை ஒன்று, பத்து வயசு ஒன்று. கணவர் இந்தத் தடவை வரவில்லை.


லெனேசியா லட்சுமி:

முடியாதும்மா. கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி இ-விசா. பெற்றோர் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்திருந்தால் இ-விசா செல்லாது. அதைவிட முக்கியம், கணவர் வராததால் நம் நாட்டை விட்டு வெளியேறும்போதே கேள்வி வரும். பெற்றோர் இருவர் விவரமும் உள்ள, பிள்ளைகளின் முழுப் பிறப்புச் சான்றிதழும், கணவர் சம்மதித்துக் கொடுத்த உறுதிமொழிக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். சின்னச் சான்றிதழ் மட்டும் இருந்தால் இன்றே ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், அது வர நாளாகும். பாஸ்போர்ட்களில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா, இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான், நாம் கவனிப்பதற்குள் முடிந்துவிடும்.


பீனிக்ஸ் பையன்:

இன்னொன்று விட்டுப்போச்சு. 2025 அக்டோபர் முதல் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டவர்களுக்கு இ-அரைவல் கார்டு என்று புதிதாக ஒன்று இருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்கும் காசு கிடையாது. அதற்கும் காசு கேட்கும் தளங்கள் வந்துவிட்டன, பார்த்துக்கொள்ளுங்கள்.