மலையகத்தில் நகரத் திட்டமிடல் படிப்பிக்கப் பகுதிநேர விரிவுரையாளர்: உங்கள் அனுபவம் என்ன?

கண்டியிலிருந்து:

இங்குள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் நகரத் திட்டமிடல் பாடங்களை ஒருங்கிணைக்கிறேன். நிரந்தர ஆளணி குறைவு, பாதிப் பாடங்கள் பகுதிநேர விரிவுரையாளர்களின் கையில்தான். ஆள் எடுக்கும்போது கண்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்துக்கு ஆள் கிடைப்பது லேசில்லை. நகரத் திட்டமிடல் பட்டம் என்றதும் நினைவுக்கு வருவது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே படித்து வந்தவர்களில் எனக்குத் தெரிந்த பலர் கொழும்பிலேயே வேலை பார்க்கிறார்கள். நாங்கள் விளம்பரம் போட்டால் புவியியல் பட்டதாரிகள், சிவில் பொறியியலாளர்கள், கட்டடக் கலைஞர்கள், பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் என்று கலந்து வருவார்கள்.

விண்ணப்பத்தை மட்டும் பார்த்தால் தகைமை அதிகமானவர்தான் மேலே வருவார். அதனால் நேர்முகத்தோடு ஒரு சிறு வகுப்பும் எடுக்கச் சொன்னோம், மாணவர்களையும் உட்கார வைத்தோம். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் ஆங்கிலேயரான எபனேசர் ஹவார்டின் பூங்கா நகரக் கருத்தைப் படங்களோடு அழகாக விளக்கினார். குறை சொல்ல எதுவுமில்லை. அடுத்து வந்தவர் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் போட்ட ஒரு படத்தை மேசையில் விரித்து, ஒரு சரிவைக் காட்டி, "இதில் ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, இருபது வீடு. பாதை எங்கே, கான் எங்கே?" என்று கேட்டார். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடும் வடிகால். ஒரு பிள்ளை கோட்டுக்குக் குறுக்கே நேராகப் பாதை வரைந்தது. அவர் திருத்தவில்லை. பென்சிலால் மழைத்தண்ணீர் இறங்கும் வழியை மெதுவாக வரைந்துகொண்டே போனார். அது அந்தப் பாதையில் சேர்ந்து, கீழ்வரிசை வீடுகளின் பின்சுவரில் போய் நின்றது. "சேர், அப்போ மண்ணை வெட்டுறதுக்கு முதல்ல கானை முடிவு பண்ணணும்" என்று இன்னொரு பிள்ளை சொன்னது. அவரைத்தான் எடுத்தோம்.

முனைவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. கோட்பாட்டுப் பாடத்துக்கு அவர்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் தள வடிவமைப்பு, அபிவிருத்தி அனுமதி போன்ற பாடங்களை அந்த வேலையைச் செய்கிற ஒருவர் எடுக்கும்போது வகுப்பே மாறிவிடுகிறது. இங்கே ஒரு கட்டடத் திட்டம் போனால் சபையோடு மட்டும் முடியாது. மண்சரிவு அபாயமுள்ள இடமானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் வேண்டும், பிரகடனப்படுத்திய நகரப் பகுதியானால் 1978-ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வரும். கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமைத் தலம் என்பதால் அங்கே இன்னும் கவனம். இதையெல்லாம் கோப்போடு கோப்பாகப் பார்த்தவர் சொன்னால் மாணவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பு 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் மண்ணுக்குள் போனது. அபாயம் பற்றி முன்பே எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். எச்சரிக்கைக்கும் இடமாற்றத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்பிக்கத் தெரிந்தவர் நமக்கு வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்திலிருந்து:

நான் மறுபக்கத்து ஆள். உள்ளூராட்சியில் வேலை, வார இறுதியில் ஒரு நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரை. முதலில் திணைக்களத் தலைவரின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதை வாங்கவே நேரம் போகும். பிறகு துறை, பீடம் என்று ஏறி நியமனக் கடிதம் வருவதற்குள் பாதி செமஸ்டர் முடிந்துவிடுகிறது. கடிதத்தில் திகதி பிந்தியதால் அதற்கு முன் எடுத்த வகுப்புகளுக்கான வவுச்சரைத் திருப்பி அனுப்பினார்கள். மணித்தியாலக் கணக்கில்தான் கொடுப்பனவு. மலைப்பாதையில் போய்வரும் நேரமோ, வரைபடம் திருத்தும் இரவுகளோ அதில் சேராது. இது சரியில்லை. நல்ல ஆட்கள் விலகிப் போவதற்கு இதுவே காரணம், சம்பளம் கூடக் குறைய இருப்பது அடுத்த விஷயம்.

ஆனாலும் விடமாட்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். 2018-இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதே சிக்கலாக இருந்தது. இதை விளக்கியபோது, "அதனாலதான் எங்க லயத்துக்குப் பாதை வரலையா?" என்று தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தாலும் அந்த இடத்தில் தமிழில் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

பதுளையிலிருந்து:

படித்து முடித்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும். எங்களுக்கு வந்த பகுதிநேர விரிவுரையாளர் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தையே பாடமாக்கினார். பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர்களான பட்ரிக் அபர்குரோம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டமிட்ட இடம் அது. மகாவலி ஆற்றையும் ஹந்தானை மலையையும் விட்டுக்கொடுக்காமல் கட்டடங்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று நடந்து நடந்து காட்டினார். பரீட்சைக்கு வேறு பலதும் படித்தேன், வேலைக்குப் போனபின் கைகொடுத்தது அந்த நடைதான். நேர்முகத்தில் களத்துக்கு அழைத்துப் போவீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

கண்டியிலிருந்து:

நல்ல யோசனை, படிவத்திலேயே சேர்த்துவிடுகிறேன். நியமனக் கடிதத்தை வகுப்பு தொடங்குமுன் கொடுக்க வேண்டும் என்று அடுத்த பீடக் கூட்டத்தில் எழுத்திலேயே கேட்கப்போகிறேன். அப்புறம், போக்குவரத்துத் திட்டமிடலுக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.