மேல்கைல செல்டிக் பின்னல் டாட்டூ பட்டை: சேர்ற இடத்துல இடிக்குது, எங்க தப்பு?

அறாத_இழை:
மேல்கைய சுத்தி ஒரு செல்டிக் பின்னல் (இழைங்க மேலயும் கீழயுமா மாறி மாறி பின்னி வர்ற பழைய ஐரோப்பிய டிசைன்) டாட்டூவா போடணும்னு ரெண்டு மாசமா வரைஞ்சிட்டு இருக்கேன், மூணு இழை, 6 செ.மீ. அகலம். ஒரே இழை எங்கயும் அறாம சுத்தி வரணும், எனக்கு அதான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம். டேப்லெட்ல 6 கண்ணி (திரும்பத் திரும்ப வர்ற ஒரு துண்டுதான் கண்ணி) வரைஞ்சு அத மிரர் பண்ணி 12 ஆக்கி, பிரிண்ட் எடுத்து கைல சுத்திப் பாத்தா மேல் ஓரம் கச்சிதமா உக்காருது, கீழ் ஓரம் தூக்கிட்டு நிக்குது. அது போக ரெண்டு இடத்துல ஒரு இழை மேல போயிட்டு, கீழ போக வேண்டிய அடுத்த வெட்டுலயும் (இழைங்க ஒண்ணையொண்ணு குறுக்க கடக்குற இடம்) மேலயே போகுது. சைஸ மாத்தி மாத்தி பாத்துட்டேன், போக மாட்டேங்குது. டாட்டூ போடுறவர் "ஸ்டென்சில் (டிசைன தோல்ல பதிக்கிற தாள்) ஒட்டும்போது பாத்துக்கலாம்"னு சொல்றார், அதான் இன்னும் பயமா இருக்கு.

மசிப்புள்ளி:
ஒட்டும்போது பாத்துக்கிற விஷயமே இல்ல இது, நல்லவேளை கேட்டீங்க. கை குழாய் இல்ல ப்ரோ, புனல் மாதிரி சரிஞ்சு போகும், அதான் நேர் பட்டையா வெட்டுன பேப்பர் ஒரு ஓரத்துல ஒட்டி இன்னொரு ஓரத்துல தூக்குது. கைய தளர்வா தொங்கவிட்டு (தசைய முறுக்காதீங்க, முறுக்குனா அளவு ஏறிடும்) வேற யாரையாவது விட்டு கிளிங் ஃபிலிம் (சாப்பாடு மூடுற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்) சுத்தச் சொல்லுங்க, மார்க்கர்ல மேல் ஓரம் கீழ் ஓரம் ரெண்டையும் வரைஞ்சிட்டு உள்கைப் பக்கமா வெட்டி விரிச்சுப் போடுங்க. வில்லு மாதிரி லேசா வளைஞ்ச ஒரு பட்டை கிடைக்கும். உங்க பின்னல அந்த வளைவுக்குள்ளதான் வரையணும். நேர் பட்டைல வரைஞ்சு அப்புறம் வளைக்கலாம்னு போனா இழையோட தடிமன் அங்கங்க மாறி அசிங்கமாயிடும், நான் பட்டிருக்கேன்.

அறாத_இழை:
அளந்துட்டேன். மேல 33 செ.மீ., கீழ 30.8. இவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு நினைக்கவே இல்ல.

சிக்கெடுப்பவன்:
அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், உங்க உண்மையான வில்லன் அந்த மிரர் பட்டன்தான். மிரர் பண்ணும்போது மேல போற இழை மேலயேதான் இருக்கும், அதனால ஒட்டு விழுற ரெண்டு இடத்துலயும் மேல-மேல, கீழ-கீழன்னு வந்துடும். இன்னும் கொடுமை என்னன்னா நீங்க வரைஞ்சத நிஜ நூல்ல பின்னுனா, முதல் பாதி பின்னுனத ரெண்டாவது பாதி அப்படியே பிரிச்சுடும், லேசா இழுத்தா தனித்தனியா மூணு வளையம் கைல வந்துடும், ஒரு முடிச்சுகூட மிஞ்சாது. மிரர விட்டுட்டு ஒரே கண்ணிய காப்பி பண்ணி வரிசையா நகர்த்தி வைங்க.

அப்பவும் 12 வேண்டாம். மூணு புரி சடைல ஒரு கண்ணின்னா ரெண்டு வெட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் இழைங்க இடம் மாறி மூணு கண்ணில பழைய இடத்துக்கு வந்துடும். அதனால மூணால வகுபடுற எண்ணிக்கைல சுத்தி மூட்டுனா மூணு தனி வளையம், வகுபடலன்னா ஒரே இழை. உங்களுக்கு 11. மேல 33ஐ 11ஆ பிரிச்சா கண்ணிக்கு 3 செ.மீ., கீழ 2.8, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய_மை:
மேல சொன்னது எல்லாம் சரி, நான் தோல் பக்கம் மட்டும் சொல்றேன். மை வருஷம் போகப் போக பரவும், பின்னல்ல அழகே இழைக்கு நடுவுல விடுற வெறும் தோல்தான். அந்த சந்த குண்டூசி கனத்துக்கு விட்டீங்கன்னா ஒரு நாள் எல்லாம் சேர்ந்து கருப்புப் பட்டை ஆயிடும். என்னோடது அப்படித்தான் ஆச்சு, தூரத்துல இருந்து பாத்தா கட்டு போட்ட மாதிரி இருக்கு. உள்கைத் தோல் மெல்லிசு, அங்க கோடு இன்னும் சுலபமா பரவும், அதனால அந்தப் பக்கம் நுணுக்கம் வேண்டாம். முழங்கைக்குக் கீழ இறக்குற யோசனை வந்தா விட்டுடுங்க, உள்ளங்கைய திருப்புனாலே அங்க தோல் முறுக்கிக்கிட்டு டிசைன் கோணும்.

ஆளுங்க 'புராதன அர்த்தம்'னு நிறைய சொல்வாங்க, இந்த முடிச்சுக்கு இதான் பொருள்னு அந்தக் காலத்துல யாரும் எழுதி வச்சதில்ல, உங்களுக்கு தோணுறதே அர்த்தம். ஆனா வேலை சுத்தம் மட்டும் அந்தக் காலத்துல வரைஞ்சவங்ககிட்ட கத்துக்கலாம். கி.பி. 700 வாக்குல இங்கிலாந்துல கையால எழுதி பின்னல் அலங்காரம் போட்ட லிண்டிஸ்ஃபார்ன் பைபிள் சுவடில அலங்காரப் பக்கத்தோட பின்பக்கம் பாத்தா காம்பஸ் குத்துன ஓட்டையும் கட்டக் கோடும் இன்னும் தெரியும். கட்டம் போடாம அவங்களே தொடல.

அறாத_இழை:
மூணு கலர் பேனா எடுத்து பழைய 12ல ஓட்டிப் பாத்தேன், மூணும் தனித்தனியாத்தான் வந்து நின்னுச்சு, சிரிப்பு வந்துடுச்சு. இப்ப 11 கண்ணில வளைஞ்ச பட்டைக்குள்ள புதுசா வரைஞ்சு, வெட்டி, கைல ஒட்டி சிவப்புப் பேனாவ எடுக்காம ஓட்டுனேன். கைய மூணு சுத்து சுத்திட்டு ஆரம்பிச்ச புள்ளிலயே வந்து நின்னுச்சு. சந்த மட்டும் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தணும்.