கிளியர் அடித்ததும் ரயில் பெட்டி வெளுத்துவிட்டது, சாரல் காலத்தில் என்ன செய்ய?

செங்கோட்டை பாசஞ்சர் (கேட்டவர்)

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். தென்காசியிலிருந்து எழுதுகிறேன்.

மூன்று மாதமாக, மீட்டர் கேஜ் எனும் குறுகிய பாதையில் ஓடிய ரயில் பயணிகள் பெட்டி ஒன்றைச் சிறிய பொம்மை அளவில் செய்துகொண்டிருக்கிறேன். 1/87 அளவு, 12 மி.மீ. தண்டவாளம், நீளம் 22 செ.மீ. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2010 வரை ஓடிக்கொண்டிருந்ததே, அந்த மாதிரிப் பெட்டி. தாத்தா அந்தப் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். ஆவணியில் அவருக்கு எண்பது முடிகிறது. அன்றைக்குக் கையில் கொடுக்கலாம் என்று எண்ணம்.

உடம்பு முழுக்க 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள். சன்னல் சட்டங்கள் அரை மி.மீ. கூரைக்கு இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பை நெடுக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். வளைவு அருமையாக உட்கார்ந்தது. கார் பெயிண்ட் கடையில் வாங்கிய சாம்பல் பிரைமர், அதன்மேல் அக்ரிலிக்கில் கருஞ்சிவப்பு மூன்று கோட்டு, பிரஷ்ஷில்தான். கூரியரில் வரவழைத்த மஞ்சள் எழுத்து டெக்கால்களை (மெல்லிய ஒட்டுப்படலம்) தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினேன். இதுவரைக்கும் எல்லாம் சரி.

போன ஞாயிறு சாயங்காலம் மேட் கிளியர் (பளபளக்காத, நிறமில்லாத மேல்பூச்சு) ஸ்பிரே அடித்தேன். வெளியே நல்ல சாரல், அதனால் பின்கட்டுத் தாழ்வாரத்தில் வைத்து அடித்தேன். அடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டது போல் பெட்டி முழுக்க வெள்ளை. காய்ந்தால் போய்விடும் என்று விட்டுவிட்டு, ராத்திரி ஓஎச்பி ஷீட்டில் வெட்டிய சன்னல் கண்ணாடிகளை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டி, தூசி விழக்கூடாதே என்று பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். காலையில் திறந்தால் சன்னல் எல்லாம் பனி மூடிய மாதிரி இருக்கிறது. ஒரு சன்னலில் என் பெருவிரல் ரேகை வரி வரியாக வெள்ளையில் தெரிகிறது! எழுத்துகளைச் சுற்றியும் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம்.

கேன் பழசா, பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லையா, இல்லை என் ராசியா? எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றால் ஆவணிக்குள் முடியாது.

டவுன் வண்டிக்கடை

இதுக்கா கவலை? பெயிண்ட் கரைக்கிற என்.சி. தின்னரைத் துணியில் தொட்டு லேசாக ஒரு இழுப்பு. பைக் டேங்க் வெளுத்தால் நாங்கள் அப்படித்தான் எடுப்போம்.

பாளை வேதியியல்

தம்பி, தின்னரைத் தொடாதீர்கள்! அண்ணாச்சி சொல்வது இரும்பு டேங்குக்குச் சரி. உங்களுடையது ஸ்டைரீன். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு தெர்மகோல் துண்டில் ஒரு சொட்டு என்.சி. தின்னர் விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழும். தெர்மகோலும் உங்கள் பெட்டியும் ஒரே குடும்பம். எழுத்துகள் முதலில் கரையும், அப்புறம் பெயிண்ட், கடைசியில் சன்னல் சட்டம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். அடிக்கும்முன் கேனை எவ்வளவு நேரம் குலுக்கினீர்கள்? எழுத்து ஒட்டிய இடம் அப்போது பளபளப்பாக இருந்ததா, மங்கலாகவா? பெட்டியின் அடிப்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு துளி எண்ணெய் தடவினால் வெள்ளை மறைகிறதா?

டவுன் வண்டிக்கடை

அட ஆமா. பிளாஸ்டிக் என்பதைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையதுதான் தம்பி.

செங்கோட்டை பாசஞ்சர்

நல்ல வேளை அக்கா, துணியைக் கையில் எடுத்துவிட்டேன்! கேனை இரண்டு நிமிடம் குலுக்கினேன், உள்ளே குண்டு கடகடவென்று உருண்டது. அக்ரிலிக் மங்கலாகத்தான் காய்ந்திருந்தது, அதன்மேலேயே எழுத்தை ஒட்டினேன். நல்லெண்ணெய் தடவிப் பார்த்தேன். தடவிய இடத்தில் வெள்ளை மாயமாக மறைந்து கருஞ்சிவப்பு தெரிகிறது, துடைத்தால் மறுபடி வெளுக்கிறது. சன்னலிலும் அப்படியே.

துறைமுகப் பெயிண்ட்

எண்ணெயில் மறைகிறது என்றால் பெயிண்ட் கெடவில்லை. மேல்படலத்தில்தான் கோளாறு. எனக்குத் தூத்துக்குடியில் இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பதைச் சரிபார்க்கும் வேலை. அந்தக் கணக்கை உங்கள் பெட்டிக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்களுக்கு வந்திருப்பது ஒரு வெள்ளை இல்லை, மூன்று வெள்ளை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. நான் முதல் வெள்ளையை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிரே கேனில் இருக்கும் கரைப்பான் படுவேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் தொட்டால் சில்லென்று இருக்கிறதே, அதேதான். பெட்டியின் மேல்தோல் சில டிகிரி குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் ஐஸ் தண்ணீர் வைத்த செம்பு வியர்ப்பது போல் அந்தத் தோலும் வியர்க்கும். அந்த நுண்ணிய நீர்த்துளிகள் காய்கிற கிளியருக்குள் மாட்டிக்கொள்ளும். நீர் பிறகு போய்விட்டாலும் அது இருந்த பொத்தல்கள் நின்றுவிடும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் வெள்ளை என்கிறோம். எண்ணெய் அந்தப் பொத்தல்களை நிரப்புவதால் வெள்ளை மறைகிறது.

பனிநிலை என்று ஒன்று உண்டு. காற்று எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அது. எங்கள் வேலையில் பரப்பின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க விடுவோம். தென்காசியில் சாரல் அடிக்கும் சாயங்காலம் 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வையுங்கள். பனிநிலை 23 டிகிரி. இடைவெளி இரண்டே டிகிரி. ஸ்பிரேயின் குளிர்ச்சி ஒன்றே போதும் அதைத் தாண்ட. அதே நாளில் திருநெல்வேலியில் மத்தியானம் 34 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிநிலை 22. இடைவெளி 12 டிகிரி. கேனும் அதே, கையும் அதே, ஊர்தான் வேறு.

இப்போது செய்ய வேண்டியது: ஒன்றையும் உரிக்க வேண்டாம். காய்ந்த நாளில் அதே கம்பெனியின் பளபளப்புக் கிளியரை மெல்லிய தூவலாக அடியுங்கள். புதுக் கரைப்பான் பழைய படலத்தைக் கொஞ்சம் இளக்கும், பொத்தல்கள் மூடிக்கொள்ளும். பளபளப்பாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள், கடைசியில் மேட் ஒரு கோட்டு அடித்தால் போகிறது. ஒரே அடியில் நனைய நனைய அடித்துவிடாதீர்கள், எழுத்து சுருங்கிவிடும். அதற்கும் முன்னால், ஒரு துண்டு ஸ்டைரீனில் இதே பிரைமர், இதே சிவப்பு, இதே கிளியர் எல்லாம் போட்டு, சாரலில் வேண்டுமென்றே வெளுக்க வைத்து, அதன்மேல் சோதித்துப் பாருங்கள். எண்ணெய் தடவிய இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். எண்ணெய் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

கடைசல்காரன்

அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைகிறவன் நான். தம்பிக்கு ஒரு ஆறுதல்: மழைக்காலத்தில் வெளுப்பது பழைய சங்கதி. கடைசலில் சுற்றுகிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். அப்புறம் தாழை ஓலையை வைத்து ஒரு அழுத்து, மினுங்கும். அங்கே கரைப்பான் கிடையாது, அதனால் அடைமழையிலும் வேலை ஓடும். அதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியில் தொட்டுப் பாலிஷ் போட்டால் ஐப்பசி மழையில் உங்கள் பெட்டி மாதிரியே வெளுக்கும். எங்கள் அப்பா ஐப்பசியில் ஸ்பிரிட் போத்தலையே திறக்க மாட்டார்.

ஊரைவிட்டு வர முடியாது என்றால் ஒரு வழி. பழைய அரிசி டிரம்முக்குள் 25 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பெட்டியை ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் அடியுங்கள். கை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான் இருக்க வேண்டும். அதிகம் போனால் ஸ்டைரீன் வாழையிலை மாதிரி நெளியும். பல்பை எடுத்த பிறகுதான் ஸ்பிரே. எரிகிற பல்புக்குப் பக்கத்தில் அடித்தால் தீப்பிடிக்கும்.

பாளை வேதியியல்

இரண்டாவது வெள்ளைக்கு வருகிறேன். அந்தப் பெருவிரல் ரேகைதான் சாட்சி.

சன்னலில் இருப்பது ஈரம் இல்லை தம்பி, பசை. இன்ஸ்டன்ட் பசையின் ஆவி காற்றில் கிளம்பி, ஈரத்தைத் தொட்டதும் கெட்டியாகி வெள்ளைத் தூளாகப் படியும். விரல் பட்ட இடத்தில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும், அங்கே இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். திருட்டு நடந்த இடத்தில் ரேகை எடுக்கும் போலீஸ்காரர்கள் செய்வதும் இதுதான். 1970-களின் இறுதியில் ஜப்பானில் கண்டுபிடித்த முறை, பொருளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பசையின் ஆவியை உள்ளே விடுவார்கள். நீங்கள் பிஸ்கட் டின்னில் அதையே செய்திருக்கிறீர்கள்!

லேசான படலம் என்றால் காதுக்குடையும் பஞ்சில் துளி எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தால் தெளியும். கெட்டியாகப் பிடித்த சன்னலை எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டி வையுங்கள். இனிமேல் கண்ணாடி வேலைக்கு ஃபெவிகால் போதும். குண்டூசி முனையில் தொட்டு ஒட்டினால் காய்ந்தபின் தெரியாது. சட்டத்துக்கு வெளியே வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இன்ஸ்டன்ட் பசையைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் மூடாதீர்கள், மின்விசிறிக்கு எதிரே திறந்து வையுங்கள்.

மூன்றாவது, எழுத்து. மங்கலான பெயிண்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம். டெக்கால் மேட்டில் மட்டும் உட்கார்ந்து பள்ளத்தில் காற்றை அடைத்துக்கொள்கிறது. வெள்ளி மாதிரித் தெரிவது அந்தக் காற்று. முதலில் பளபளப்புக் கிளியர், அதன்மேல் எழுத்து, அதன்மேல் மறுபடி கிளியர் என்று போயிருக்க வேண்டும். இப்போது மேலே கிளியர் ஏறிவிட்டதால் மெல்லிய ஊசியால் மினுக்கம் தெரியும் இடத்தில் நாலைந்து குத்து குத்தி, டெக்கால் இளக்கும் திரவத்தைப் பிரஷ்ஷால் விடுங்கள். அது கிடைக்காவிட்டால் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர். முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், குறையும்.

டவுன் வண்டிக்கடை

தம்பி, டிரம் பல்பு எல்லாம் எதற்கு? பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்துவிடும். உங்களுக்குச் சாரல் என்றால் எங்களுக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. மேகம் எல்லாம் மலையோடு கொட்டிவிட்டு, வெறும் காற்றுதான் இங்கே வருகிறது. ஆனால் ஒன்று, ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், தூசி பறக்காதா? மாடியில் நின்று அடிக்காமல் உள்ளறையில் காற்று வாராமல் அடியும். முகமூடி போடும், அடித்ததும் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடும். முதலில் தப்பாகச் சொன்னதற்கு இதை வைத்துக்கொள்ளும்.

மலைரயில்

நடுவில் ஒரு கேள்வி. இதை எதன்மேல் நிறுத்தப் போகிறீர்கள்? அதே மலைப்பாதையில் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தைப் பின்னால் செய்யலாமே. 1904-ல் பாதை திறந்தபோதே உள்ள பாலம். ஃபோம் போர்டில் கல் வரி கீறினால் அழகாக வரும்.

செங்கோட்டை பாசஞ்சர்

அண்ணாச்சி, பெட்டியே இன்னும் தேறவில்லை, பாலத்துக்கு அடுத்த வருஷம் வருகிறேன்.

செங்கோட்டை பாசஞ்சர் (ஒன்பது நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

முறுக்கு டின்னில் பழைய வேட்டியைச் சுருட்டி, நடுவில் பெட்டியைப் படுக்க வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு பாளையங்கோட்டைச் சித்தி வீட்டுக்குப் போனேன். ஆலங்குளம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் வெக்கை அடித்தபோது முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் 12 மணி, அறையில் 36 டிகிரி, ஈரப்பதம் 48. சோதனைத் துண்டை முதலில் அடித்தேன், தெளிந்தது. அப்புறம் பெட்டி. ஒரு முழம் தள்ளி நின்று ஒரு தூவல். வெள்ளை உடனே போகவில்லை. இருபது நிமிடம் கழித்து இரண்டாவது தூவல் அடித்தபோது கூரையின் ஓரத்திலிருந்து சிவப்பு மெல்ல மெல்ல வெளியே வந்தது. சித்தி அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். சாயங்காலம் மேட். இப்போது முழுப் பெட்டியும் ஒரே நிறம்.

எழுத்தில் ஊசி வேலை பாதிக்கு மேல் பலித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு எழுத்தில் இன்னும் மினுக்கம் உண்டு. இனி அதைத் தொடுவதாக இல்லை.

சன்னல்களில் எட்டு எண்ணெய்க்கே தெளிந்தன. நான்கைப் பிடுங்கிவிட்டு ஃபெவிகாலில் புதிது வைத்தேன். ரேகை விழுந்த சன்னலும் அதன் பக்கத்து சன்னலும் மட்டும் அசையவில்லை. இழுத்தால் அரை மி.மீ. சட்டம் ஒடியும். கத்தியும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது தாத்தா பின்னால் வந்து நின்றுவிட்டார், ஆவணி வரை மறைத்து வைக்கும் திட்டம் அதோடு போயிற்று. பெட்டியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஆரியங்காவுல சாரல் அடிக்கும்போது எவம்ல சன்னலத் திறந்து வச்சிருப்பான்? அந்த ரெண்டுக்கும் சட்டரை இறக்கி விடு."

0.25 மி.மீ. தாளில் பலகை வரி கீறிக்கொண்டிருக்கிறேன்.