வண்ணார்பேட்டை வீடு: மீனா லைசென்ஸ் விவகாரம்

சனி, 25 அக்டோபர் 2025

பெரியப்பா: *பலமுறை பகிரப்பட்டது* நல்ல செய்தி! இங்கிலாந்தில் இனி இந்திய டிரைவிங் லைசென்ஸை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். தேர்வு கிடையாது. அனைவருக்கும் பகிரவும்.

பெரியப்பா: மீனாவுக்காகப் போட்டேன். பார்த்தாயா தாயி?

வசந்தா அத்தை: நல்ல சேதி. முருகன் கண் திறந்துட்டான்.

மீனா: பார்த்தேன் பெரியப்பா. அது பொய்ச் செய்தி. நேற்று ராத்திரிகூட அரசு இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

மீனா: நானே இன்றைக்கு இங்கே கேட்க நினைத்திருந்தேன். நவம்பர் 11 வந்தால் நான் லெஸ்டர் வந்து ஒரு வருடம் முடிகிறது. 12ஆம் தேதியிலிருந்து நம்ம ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே வண்டி ஓட்டக் கூடாது. இங்கத்து ஓட்டுத் தேர்வுக்கு எனக்குக் கிடைத்திருக்கும் தேதி ஜனவரி 27. நடுவில் பதினோரு வாரம். என் வேலையே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது. அந்தப் பதினோரு வாரத்தை எப்படிக் கடத்துவது என்று யோசித்துத் தூக்கமே வரவில்லை.

அம்மா: சாப்பிட்டியா

மீனா: சாப்பிட்டேன் அம்மா

வசந்தா அத்தை: உன் லைசென்ஸில் 2037 வரைக்கும் போட்டிருக்கே மருமகளே. தபால்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினதே நான்தானே.

மீனா: அது நம்ம ஊருக்கு அத்தை. இங்கே குடியேறினவர்களுக்கு ஒரு வருடம்தான்.

பெரியப்பா: நீ கார் வாங்கினது மார்ச்சில்தானே? அப்போ அடுத்த மார்ச் வரைக்கும் இருக்கு. எதுக்குப் பயப்படுகிறாய்?

செந்தில் அண்ணன்: அப்பா, கணக்கு கார் வாங்கின நாளிலிருந்து கிடையாது. இங்கே குடியிருக்க ஆரம்பித்த நாளிலிருந்து. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

பெரியப்பா: நீ மட்டும் ஒரு தேர்வும் எழுதாமல் மாத்தினாயே? துபாயிலிருந்து போன மூணாவது மாசமே கையில் கார்டு வந்துவிட்டது என்று எனக்குப் படம் அனுப்பினாய்.

செந்தில் அண்ணன்: கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். நான் மாற்றினது இந்திய லைசென்ஸ் இல்லை. துபாயில் பாடம் படித்து, தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி வாங்கின ஐக்கிய அரபு அமீரக லைசென்ஸ். 2021இல் பிரிட்டன் அந்தப் பட்டியலில் அமீரகத்தையும் சேர்த்தது. நான் இங்கே ரெடிங் ஊருக்கு வந்தது 2022. டி1 படிவத்தை நிரப்பி, 43 பவுண்டு கட்டி, பழைய கார்டையும் சேர்த்து ஸ்வான்சீயில் இருக்கிற லைசென்ஸ் ஆபீசுக்கு அனுப்பினேன், புது கார்டு வந்தது. ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. இந்திய லைசென்ஸ் உள்ளவர் முதல் 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் இங்கத்துப் பழகுநர் லைசென்ஸ் எடுத்து, எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் பாஸ் பண்ண வேண்டும். முதலிலிருந்து எல்லாம்.

முருகேஷ்: அண்ணன் ஆரம்பிச்சாச்சு

செந்தில் அண்ணன்: டேய், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வசந்தா அத்தை: ஜிம்பாப்வே இருக்கா!! நம்ம நாடு இல்லையா?

பிரகாஷ்: அத்தை, எங்களுக்கும் அதே கோபம்தான்.

பெரியப்பா: அப்போ இங்கே ஆர்டிஓ ஆபீசில் இன்டர்நேஷனல் பெர்மிட் ஒன்று எடுத்து அனுப்பிவிடலாமே. எனக்குத் தெரிந்த புரோக்கர் இருக்கிறான்.

செந்தில் அண்ணன்: வேண்டவே வேண்டாம். பெர்மிட் இருந்தாலும் அந்த 12 மாதத்தைத் தாண்ட முடியாது. தாண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டின மாதிரி, இன்சூரன்சும் செல்லாது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. காரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லைசென்ஸ் வாங்கி முதல் 2 வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் அந்த லைசென்சே ரத்து. மீனா, ஒரு நாள்கூட எடுக்காதே. நோயாளி காத்திருக்கிறார், பக்கத்துத் தெருதான் என்றெல்லாம் மனசு இளகும். எடுக்காதே.

மீனா: எடுக்க மாட்டேன் அண்ணா. சத்தியமாக.

அம்மா: புரோக்கர் பேச்சை விடுங்க அத்தான். போன தடவை பட்டாவுக்கு அவன் பண்ணினதே போதும்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேஷ்: எழுத்துத் தேர்வு முடிஞ்சுதா அக்கா?

மீனா: ஜூலையிலேயே பாஸ். பழகுநர் லைசென்ஸ் பிப்ரவரியில் 34 பவுண்டு கட்டி எடுத்துவிட்டேன். எழுத்துத் தேர்வுக்கு 23. நாள் பார்த்து எல்லாம் செய்தேன். ஓட்டுத் தேர்வுத் தேதிதான் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் புதுத் தேதிகளைத் திறப்பார்கள். இரவு டியூட்டி முடித்து வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே போனைத் தட்டியிருக்கிறேன். உள்ளே போவதற்குள் தீர்ந்துபோகும்.

அம்மா: பரீட்சை தமிழில் கிடையாதா? அந்தப் பக்கம் நம்ம ஆட்கள் அவ்வளவு பேர் இருக்காங்களே.

செந்தில் அண்ணன்: இருந்தது சித்தி! காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்விகளைத் தமிழில் கேட்டுப் பதில் சொல்லலாம். 19 வெளிமொழிகள் இருந்தன, அதில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான்.

அம்மா: அடப்பாவமே

பிரகாஷ்: மீனா 50க்கு 47. அடுத்த பகுதியில் 75க்கு 61. அதற்கு 44 எடுத்தால் போதும்.

வசந்தா அத்தை: அடுத்த பகுதி என்றால்?

மீனா: அதைச் சொல்கிறேன் அத்தை. கம்ப்யூட்டரில் 14 சின்ன வீடியோ ஓடும். நாம் காரில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிற மாதிரி. எங்கேயோ ஒரு ஆபத்து உருவாகும். நின்றிருக்கிற வேன் பின்னாலிருந்து யாராவது கால் வைப்பார்கள். அது ஆரம்பிக்கும்போதே மவுசை அழுத்த வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் 5 மார்க், தாமதித்தால் குறைந்துகொண்டே வரும். சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் பூஜ்யம்.

மீனா: ஒரு வீடியோவில் ஒரு பந்து மட்டும் ரோட்டில் உருண்டு வந்தது. எனக்கு அப்பா குரல்தான் கேட்டது. "பந்து வந்தா பின்னாலேயே பிள்ளை வரும், பிரேக்கில் காலை வை." நாகர்கோவில் பஸ்ஸில் அப்பா சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போதெல்லாம் சொல்வாரே. அழுத்திவிட்டேன். அடுத்த நொடி ஒரு பையன் ஓடி வந்தான்.

முருகேஷ்: அப்பா படிச்சாச்சு, நீல டிக் வந்துடுச்சு. ஆனா பதில் இல்லை.

அம்மா: கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டு இருக்கார்.

வசந்தா அத்தை: 29 வருஷம் கவர்ன்மென்ட் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட ஏற்றாத மனுஷன். ஆனால் அண்ணே, பெற்ற மகளுக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கொடுத்தீங்களா? முருகேஷுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீங்க. இவள் நர்ஸ் சம்பளத்தில் பாளையங்கோட்டையில் பணம் கட்டிப் படித்தாள்.

முருகேஷ்: அத்தை இப்போ எதுக்கு அது

மீனா: விடுங்க அத்தை. பழைய கதை.

அம்மா: சொல்லட்டும். நான் அன்றைக்கே சொன்னேன்.

பெரியப்பா: ஒன்பதாம் தேதி எங்க அம்மா திதி இருக்கு. சாமான் லிஸ்ட் யார் எழுதுகிறீர்கள்? போன வருடம் வாழை இலை பத்தாமல் போனது.

வசந்தா அத்தை: இலை நான். எள்ளு, பச்சரிசி சின்ன அண்ணன் வீட்டில்.

அம்மா: போன வருஷமும் எள்ளு நாங்கதான்

அப்பா: மீனா. தப்புதான் தாயி. உனக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கணும். ரோட்டில் தினம் பார்த்த விபத்து எல்லாம் கண்ணுக்குள் இருந்தது. பெண் பிள்ளையை அதில் விட மனசு வரவில்லை. மகனை மட்டும் எப்படி விட்டேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மீனா: அப்பா

அப்பா: இப்போ ஆக வேண்டியதைப் பார்ப்போம். அந்த ஊரில் பழகுநர் லைசென்ஸ் இருந்தால் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஓட்டலாமா?

செந்தில் அண்ணன்: ஓட்டலாம் சித்தப்பா. எல் போர்டு முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும். பழகுநருக்கென்று இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், லைசென்ஸ் எடுத்து 3 வருடம் ஆகியிருக்க வேண்டும். மோட்டார்வே என்கிற அதிவேகச் சாலைப் பக்கம் போகக் கூடாது, பயிற்சியாளரோடு அவருடைய இரட்டை பிரேக் வண்டியில்தான் போகலாம்.

அப்பா: அப்போ நான் வாரேன். பக்கத்தில் உட்காருகிறேன்.

செந்தில் அண்ணன்: உங்களுடையது இந்திய லைசென்ஸ் சித்தப்பா, அதை வைத்துக்கொண்டு பழகுநர் பக்கத்தில் உட்கார முடியாது. மாப்பிள்ளை பிரகாஷாலும் முடியாது. அவருடையதும் நம்ம ஊர் லைசென்ஸ்தான், அதில் ஓட்டுகிற கெடுவும் ஏப்ரலோடு முடிகிறது.

பிரகாஷ்: நான் இப்போதுதான் பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மீனாவைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டேன்.

செந்தில் அண்ணன்: ஆனால் ஒன்று. சித்தப்பா சுற்றுலா விசாவில் வந்தால் அவர் ஓட்டலாம்! பார்க்க வருகிறவர்கள் சொந்த ஊர் லைசென்ஸில் சின்ன வண்டி 12 மாதம் வரை ஓட்டலாம் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. ஒரு வருடம் குடியிருந்த மகள் ஓட்டக் கூடாது, நேற்று இறங்கின அப்பா ஓட்டலாம்.

முருகேஷ்: ஐயோ

வசந்தா அத்தை: அப்போ முடிஞ்சுதே! அண்ணன் போகட்டும். காலையில் கூட்டிக்கொண்டு போய் விட்டு, சாயங்காலம் கூட்டி வரட்டும்.

மீனா: ஒரு நாளைக்கு எட்டு வீடு, பத்து வீடு அத்தை. குளிர் வேறு. நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்பாவுக்கு அறுபத்தாறு.

அப்பா: ஆரல்வாய்மொழிக் காற்றில் ராத்திரி பஸ் ஓட்டினவன் நான்.

செந்தில் அண்ணன்: வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் விட்டு வருவது வேறு. வேலை நேரத்தில் நோயாளி வீடுகளுக்கு ஓட்டுவது என்றால் இன்சூரன்சும் கேட்க வேண்டும், விசா விதியும் பார்க்க வேண்டும். பார்வையாளர் விசாவில் வேலை மாதிரி எதுவும் செய்யக் கூடாது. நான் விசாரித்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் டிக்கெட் போட வேண்டாம்.

மீனா: மேலாளரிடம் பேசினேன். பதினோரு வாரம் கிளினிக்கில் உட்கார வைக்கலாமா என்று பார்க்கிறாராம். புதன்கிழமை சொல்வார்.

பெரியப்பா: கியர் இல்லாத வண்டியில் தேர்வு கொடுத்தால் சுலபம் என்கிறார்களே?

பிரகாஷ்: நானும் அதைத்தான் சொல்கிறேன் பெரிய மாமா. இனி எல்லாம் மின்சார வண்டிதானே.

அப்பா: கியரை விடாதே மீனா. உன் கார் கியர் வண்டிதானே?

செந்தில் அண்ணன்: சித்தப்பா சொல்வது சரி. ஆட்டோமேட்டிக்கில் பாஸ் பண்ணினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். இருக்கிற காரை விற்க வேண்டி வரும்.

பிரகாஷ்: விற்றால் என்ன மச்சான்

மீனா: அதை நாம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் பிரகாஷ்

முருகேஷ்: தேர்வில் எட்டு போடச் சொல்வாங்களா?

மீனா: எட்டும் இல்லை, எச்சும் இல்லை. 40 நிமிடம் நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். சின்னப் பிழை 15 வரை பரவாயில்லை, பெரிய பிழை ஒன்று வந்தாலே போச்சு. நம்ம ஊரில் ஓட்டினதுதான் இடைஞ்சல். ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும், நமக்கோ மூக்கை நுழைத்தே பழக்கம். கண்ணாடியைப் பார்த்தால் மட்டும் போதாது, தோளைத் திருப்பியும் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் திட்டுகிறார். ஹாரனில் கை போனால் முறைக்கிறார்.

அப்பா: ஹாரன் இல்லாமல் எப்படி

மீனா: ஆபத்துக்கு மட்டும்தான் அப்பா. நின்றிருக்கும்போது சும்மா அடிக்கவே கூடாது.

அப்பா: கண்ணுக்கு என்ன பரீட்சை?

மீனா: 20 மீட்டர் தூரத்தில் நிற்கிற காரின் நம்பரைப் படிக்க வேண்டும். தேர்வில் முதல் வேலையே அதுதான். பொதுவாக ஓட்டுகிற எல்லோருக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

வசந்தா அத்தை: அண்ணே, உங்க லைசென்ஸைப் புதுப்பிச்சீங்களா? ஆகஸ்டில் முடிகிறது என்று சொன்னீங்களே.

அம்மா: எங்கே? பீரோவில் தூங்குது.

முருகேஷ்: அப்பா!!

செந்தில் அண்ணன்: சித்தப்பா, முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம். டாக்டரிடம் 1ஏ சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இங்கே வந்தால் பிரயோஜனமே இல்லை.

அப்பா: திங்கட்கிழமை போகிறேன்.

பெரியப்பா: தம்பி, நானும் வருகிறேன். என்னுடையதும் பார்க்கணும்.

மீனா: நீங்கள் வருவது இன்னும் முடிவாகவில்லை அப்பா. புதன்கிழமை வரட்டும்.

அம்மா: போனால் நானும்தான் போவேன். இவரைத் தனியா விட மாட்டேன். முறுக்கு மிச்சம் இருக்கு மீனா, கொண்டு வரவா?

மீனா: கொண்டு வாங்க அம்மா. நாளையிலிருந்து இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. போன் பண்ணும்போது ஐந்தரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள்.

வசந்தா அத்தை: திதிக்கு எள்ளு யார் என்று இன்னும் சொல்லவில்லை

முருகேஷ்: அம்மா, அப்பா எங்கே? போன் எடுக்கவில்லை.

அம்மா: வாசலிலிருந்து இருபத்தாறு எட்டு எடுத்து வைத்து நடந்து போய் எதிர்வீட்டுக்காரர் காரைத் திரும்பிப் பார்த்துக்கிட்டு நிற்கிறார். நம்பரைச் சத்தமா வாசிக்கிறார். மழை தூறுது, உள்ளே வாங்க என்றால், கண்ணாடி இல்லாமலும் ஒரு தடவை படிச்சுப் பார்க்கணுமாம்.