சுங்க அலுவலரே குடிவரவு வேலையும் பார்த்தால் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பிரிட்டனின் 1971 குடிவரவுச் சட்டம், 2ஆம் அட்டவணை, முதல் பத்தி: குடிவரவு அலுவலர்களை அமைச்சர் நியமிப்பார்; சுங்கத் துறையோடு பேசி, அதன் அலுவலர்களையும் குடிவரவு அலுவலர்களாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். இப்படி இரண்டு வேலையும் பார்ப்பவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? இப்போதைக்கு "இணைக் குடிவரவு அலுவலர்" என்று எழுதிவைத்திருக்கிறேன். சரிப்படுமா?

மறு:

ஐயா, "இணை" வேண்டாம். இணை ஆணையர், கூடுதல் ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் என்று எல்லா முன்னொட்டையும் பதவிப் படிநிலை எடுத்துக்கொண்டுவிட்டது. "பொறுப்பு" என்றாலோ காலியிடத்தைத் தற்காலிகமாகக் கவனிப்பவர். இங்கே படிநிலை மாறவில்லை; அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்பதுதான் மாறுகிறது.

ஒரு சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கடத்தல் புகையிலை தேடி அலுவலர் ஏறுகிறார். ஏறவும் அறைகளைத் திறந்து பார்க்கவும் 1979 சுங்க, கலால் மேலாண்மைச் சட்டத்தின் 27, 28 பிரிவுகள் போதும். நங்கூரச் சங்கிலி அறையில் ஓர் ஆள் ஒளிந்திருக்கிறார். நாட்டுக்குள் வர அவருக்கு அனுமதி உண்டா என்று விசாரிக்க, 1971 சட்டத்தின் 2ஆம் அட்டவணை, 2ஆம் பத்தி வேண்டும். பிடித்துவைக்க 16ஆம் பத்தி. சுங்க அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்தால், பிடித்துவைத்ததே செல்லாது என்று வழக்கறிஞர் வாதிடுவார். அதனால்தான் எந்த நேரத்திலிருந்து எந்தப் பத்தி என்பதைக் குறிப்பேட்டில் பதிவது முக்கியம்.

மாலுமிகள் விஷயம் இன்னும் நுணுக்கம். அதே கப்பலில் வேலை செய்து திரும்பிப் போகவேண்டியவர், கப்பல் புறப்படும்வரை தனி அனுமதியின்றிக் கரையில் இருக்கலாம் (8ஆம் பிரிவு). நாடுகடத்தல் ஆணை உள்ளவருக்கு இந்தச் சலுகை இல்லை. கப்பல் போன பிறகும் கரையில் தங்கினால் அது குடிவரவுக் குற்றம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் 5ஆம் படிவமான மாலுமிப் பட்டியலும், 4ஆம் படிவமான அவர்களது உடைமை அறிக்கையும் சுங்கத்தார் பார்க்கிற தாள்கள்தாம். ஆள் கணக்கு இடித்தால் முதலில் அவர்கள் கண்ணில் படலாம்.

என் பரிந்துரை: "குடிவரவு அதிகாரம் பெற்ற சுங்க அலுவலர்".

மறு:

அது பெயரல்ல, விளக்கம். போதாததற்கு, 2009இல் காற்று எதிர்ப்பக்கம் வீசத் தொடங்கியது. அந்த ஆண்டின் எல்லை, குடியுரிமை, குடிவரவுச் சட்டம், குடிவரவு அலுவலரையே பொதுச் சுங்க அலுவலராக அமர்த்த வழிசெய்தது. வரி வருவாய்ப் பணிக்கு அதே சட்டத்தில் வேறொரு நியமனம். சிங்கப்பூரிலும் 2003 முதல் சோதனைச்சாவடிகளில் இரண்டு சோதனையும் ஒரே ஆணையத்திடம். ஆகவே "சுங்க அலுவலர்" என்று முடிகிற பெயர் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

"இருநியமன அலுவலர்" என்கிறேன். அதிகாரம் நியமனத்தால் வருகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. "இரட்டை" என்று தொடங்கினால் பள்ளிப் பாடத்து இரட்டையாட்சி ஞாபகம் வந்து தொலைக்கும்.

மறு:

ஏற்கிறேன். இலங்கை நண்பர்கள் "உத்தியோகத்தர்" என்று மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் குடிவரவு, பொதுச் சுங்கம், வரி வருவாய் என மூன்று நியமனமும் ஒருவருக்கே இருந்தால்? "பன்னியமன" என்று புணர்த்தி எழுதினால் வாசிப்பவர் வேறு பிராணியை நினைப்பார். அகராதிப் பதிவில் "பல நியமன அலுவலர்" என்று பிரித்தே போட்டுவிடுங்கள்.