ரவுட்டர் உடைக்கிற தம்பியை ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளயே ஓடற ப்ரோகிராம்) வேலைக்கு எடுத்த அனுபவம் (உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க)

மண்டபத்துல சின்னப் பட்டறை நம்மளது. விசைப்படகுல ஜிபிஎஸ், எஞ்சின் சூடு பதிவு பண்ற பெட்டி செய்றோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகெல்லாம் கரையில நிக்கிற அந்த 61 நாள்தான் பெட்டியைக் கழட்டிப் பார்க்க நேரம். அப்பத்தான் ஆள் தேடினோம். தங்கச்சிமடத்துத் தம்பி ஒருத்தர் வந்தார். வேலை அனுபவம் கிடையாது, ப்ரோகிராம் பகிர்ற கிட்ஹப் தளத்துல, பழைய வைஃபை ரவுட்டர்களை உடைச்ச, அதாவது ஓட்டை தேடி உள்ள புகுந்த, குறிப்புகள் மட்டும்.

"பூட்டு உடைக்கிறவன்கிட்ட சாவியைக் கொடுக்கச் சொல்றியா?"ன்னார் பார்ட்னர்.

நான் ரெண்டு நாள் உக்காந்து படிச்சேன். ரவுட்டரோட ஃபர்ம்வேர் இருக்கிற எட்டுக்கால் ஃப்ளாஷ் சிப்புல கிளிப் மாட்டிப் படிச்சிருக்கார், ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வந்திருக்கு. கிளிப் வழியா போன கரண்டுல போர்டு ப்ராசஸரும் முழிச்சுக்கிட்டு அதே லைன்ல பேசியிருக்கு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தையும் மறைக்காம எழுதியிருந்தார், எனக்குப் பிடிச்சதே அதுதான். ஸ்டர்காப்பி (strcpy, எழுத்துகளைக் காப்பி பண்ற கட்டளை) ஒண்ணு நீளம் பார்க்காம ஸ்டாக்கை, அதாவது ப்ரோகிராமோட தற்காலிக மெமரியை, மிதிக்கிற ஓட்டையைக் கண்டதும் ரவுட்டர் கம்பெனிக்கு எழுதி, 90 நாள் பொறுத்துத்தான் வெளியிட்டிருக்கார். சிடிஎஃப் (ஹேக்கிங் போட்டி) சான்றிதழ்களும் இருந்துச்சு, நான் திறக்கல.

நேர்ல வந்தப்ப எங்க பெட்டியையே கொடுத்தோம். கடல்ல தானா ரீஸ்டார்ட் ஆகும். பெட்டி உறைஞ்சா தானா ரீஸ்டார்ட் பண்ற வாட்ச்டாக்கோட கோடுதான் (code) தப்புன்னு ரெண்டு மாசமா அதையே திருத்திட்டிருந்தோம். மல்டிமீட்டர் கேட்டார். கிரவுண்டைத் தேடி, யுஆர்ட் (போர்டு வரி வரியா செய்தி அனுப்புற லைன்) வயரைத் தொட்டு வேகத்தை 115200 வச்சதும் பூட் வரிகள் கொட்டுச்சு. நடுவுல ஒரு கீயைத் தட்டி, பாஸ்வேர்டே இல்லாம எங்க யூ-பூட்டுக்குள்ள (பெட்டியை முதல்ல எழுப்புற ப்ரோகிராம்) போய்ட்டு என்னைப் பார்த்தார். மானம் போச்சு.

ரீஸ்டார்ட் ஏன்னு மட்டும் "தெரியலண்ணே, படகுல பார்க்கணும்"னார். மறுநாள் ஜெட்டியில எஞ்சினை ஓடவிட்டு லேப்டாப்போட உக்காந்தார். இருபது நிமிஷத்துல பெட்டி செத்துப் பிழைச்சுது. "ரீசெட் காஸ்: பிஓஆர்"னு ஒரு வரி, பவர் வந்ததால ரீசெட்னு அர்த்தம். "வாட்ச்டாக் அடிச்சிருந்தா இங்க வேற வந்திருக்கும். கரண்டே போய் வருதுண்ணே." கனெக்டரைப் பிடுங்கினா பின் பூரா பச்சைக் களிம்பு. உப்புக்காத்து.

—

கீழக்கரையிலிருந்து: எங்ககிட்ட வந்தவர் போர்ட்ஃபோலியோ இதைவிடப் பளபளப்பு. அதுல ஏஆர்எம் ப்ராசஸர்ல ஓட்டை வழியா புகுற ஒரு எக்ஸ்ப்ளாய்ட். தாவுற அட்ரஸ் ஏன் ஒத்தைப்படையில முடியுதுன்னு கேட்டேன். தம்ப் கோடுக்குத் (ஏஆர்எம்மோட சுருக்கக் கட்டளை வகை) தாவணும்னா கடைசி பிட் 1 ஆ இருக்கணும். ஒரு தடவை சொந்தமா க்ராஷ் பண்ணிப் பார்த்தவனுக்கு மறக்காது. "அது ரேண்டமா வந்தது சார்"னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வச்சோம்.

—

மண்டபம்: அந்தக் கேள்வியை நான் சுட்டுக்கிறேன் அண்ணே. தம்பி சேர்ந்தாச்சு, யூ-பூட்டுக்குப் பூட்டும் போட்டாச்சு. அவ்வளவு விவரமா குறிப்பு எழுதினவர், இங்க ஒவ்வொரு கமிட்டுக்கும் (கோடுல செய்த மாற்றத்தோட பதிவு) "சரி பண்ணியாச்சு"ன்னு மட்டும் எழுதறார். சண்டை ஓடிட்டிருக்கு.