வீட்டுத்தோட்டக் குழு: மழைக்காலத்துக் கொம்போஸ்ட்

[காலை 6.48] கலா: வணக்கம் எல்லாருக்கும். பீப்பாவுல போட்ட குசினிக் குப்பை களியாகி நாறுது. மூடியத் திறந்தா கூமுட்டை வாசம். அடியில கறுப்புத் தண்ணி தேங்கி நிக்குது. இதக் கொட்டிறதா, இல்ல காப்பாத்த வழி இருக்கா?

[காலை 6.48] கலா: 📷 படம்

[காலை 6.55] பாக்கியம் அக்கா: கொட்டாத கலா. கூமுட்டை வாசம்னா காத்து போகல, தண்ணி கூடிப்போச்சு. அவ்வளவுதான். என்னென்ன போட்ட?

[காலை 6.57] கலா: மரக்கறித் தோல், கோவா இலை, தேயிலைச் சாயச் சக்கை, மிச்ச சோறு. காஞ்சது ஒண்ணும் போடல. இந்த மழையில காஞ்ச இலைக்கு எங்க போறது?

[காலை 7.03] ராஜு அண்ணன்: அங்கதான் எல்லாமே இருக்கு தங்கச்சி. நம்ம ஊர்ல பச்சைக்குப் பஞ்சமே இல்ல, காஞ்சதுக்குத்தான் பஞ்சம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் வெயில் அடிக்கிறப்பவே மானாப் புல்லு, காஞ்ச இலை எல்லாம் உரப்பையில கட்டி கூரைக்குள்ள வச்சிடணும். மே மாசம் பொறந்த பிறகு தேடினா கிடைக்காது.

[காலை 7.05] சிவா (பண்டாரவளை): அண்ணன், அது ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத்துக் கணக்கு. எங்க ஊவாப் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் வெயில் காலம். கச்சான் காத்து அடிக்கும், மழை வராது. ஒக்டோபர் பொறந்த பிறகுதான் நமக்கு ஊத்தும். வெலிமடை, அப்புத்தளை ஆளுங்க ஆகஸ்ட்லயே சேர்க்கணும்.

[காலை 7.06] ராஜு அண்ணன்: சரிதான் தம்பி 👍

[காலை 7.14] பாக்கியம் அக்கா: கலா, இப்ப செய்ய வேண்டியது இது. மழை விட்ட நேரம் பாத்து பீப்பாவ சாய்ச்சி, எல்லாத்தையும் ஒரு படங்கு மேல கொட்டு. காஞ்ச இலை இல்லாட்டி முட்டை ட்ரே, காட்போட் பெட்டி போதும். டேப்ப உரிச்சிட்டு உள்ளங்கை அகலத்துக்குக் கிழிச்சிக்க. பழைய பேப்பரும் ஆகும், ஆனா தாள் தாளா போடாத, ஒட்டிக்கும். கசக்கிப் போடு. ஒரு வாளி களிக்கு ரெண்டு வாளி காஞ்சது. மண் கிளறுற முள்ளால நல்லா பிரட்டிக் கலக்கு. அப்புறம் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிஞ்சி பாரு. விரல் இடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரி. ஒழுகினா இன்னும் காஞ்சது வேணும். கைய விரிச்சதும் உதிர்ந்து போனா தண்ணி தெளிக்கணும், நம்ம பக்கம் அது அபூர்வம்.

[காலை 7.16] பாக்கியம் அக்கா: திரும்பப் பீப்பாவுல போடுறதுக்கு முன்னாடி அடியில ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி பரப்பு. காட்டுச் சூரியகாந்தித் தண்டு நல்லது. ஆனா காஞ்ச தண்டா இருக்கணும், பச்சைத் தண்டு வேர் விட்டு முளைச்சிக்கும்.

[காலை 7.20] கலா: மரத்தூள் போடலாமா அக்கா? பக்கத்துல பலகை அறுக்கிற இடம் இருக்கு.

[காலை 7.31] மேரி டீச்சர்: கொஞ்சமா போடுங்க கலா. குப்பையை மக்க வைக்கிற நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25–30 பங்கு காபன் வேணும். குசினிக் கழிவுல அது 15 அளவுதான். காஞ்ச இலையில 50, 60. காட்போட்டுல 300க்கு மேல, மரத்தூள்ல அதுக்கும் கூட. அதனால மரத்தூளை நிறையப் போட்டா நாத்தம் நிக்கும், ஆனா மாசக்கணக்கா மக்காம அப்படியே கிடக்கும். ஒரு வாளிக் கழிவுக்கு ரெண்டு கை மரத்தூள், மிச்சத்துக்கு இலையோ காட்போட்டோ. இன்னொண்ணு, மரக்கறிக் கழிவுல முக்கால் பங்குக்கு மேல வெறும் தண்ணி. காஞ்சதோட முதல் வேலையே அதைக் குடிக்கிறதுதான்.

[காலை 7.33] சிவா (பண்டாரவளை): யூகலிப்டஸ் இலை, பைனஸ் ஊசி இலை?

[காலை 7.35] ராஜு அண்ணன்: காஞ்சதுல கால் பங்குக்கு மேல வேணாம். மெழுகும் எண்ணெயும் இருக்கிறதால லேசுல மக்காது.

[காலை 7.41] கலா: எவ்வளவு சேர்த்து வைக்கணும்? எங்க வீட்ல அஞ்சு பேர்.

[காலை 7.50] ராஜு அண்ணன்: கணக்குப் போடுவோம். அஞ்சு பேர் வீட்ல ரெண்டு நாளைக்கு 5 லீட்டர் வாளி ஒண்ணு நிறையும். அதுக்கு 10 லீட்டர் காஞ்சது. மாசத்துக்கு 150 லீட்டர், அதாவது 50 கிலோ உரப்பையில தளர்வா ரெண்டு பை. மழை அஞ்சு மாசம்னா பத்துப் பை. மானாப் புல்ல அரை அடித் துண்டா வெட்டி அடைச்சா எட்டுலயே முடியும். பூக்க முன்னாடி வெட்டுங்க, விதை விழுந்த புல்ல போட்டா பாத்தி முழுக்கப் புல்லு.

[காலை 7.52] கலா: அம்மாடி, பத்துப் பையா!

[காலை 7.53] பாக்கியம் அக்கா: விறகு அடுக்குற இடத்துல அடங்கும்டி.

[காலை 8.10] சிவா (பண்டாரவளை): பீப்பாவுல ஓட்டை இருக்கா கலா? படத்துல ஒண்ணும் தெரியல.

[காலை 8.12] கலா: மூடியில மட்டும் நாலு ஓட்டை.

[காலை 8.19] சிவா (பண்டாரவளை): அப்ப காத்து எப்படிப் போகும்? 200 லீட்டர் பீப்பாவுக்கு சுத்தி வர அரை அங்குல ஓட்டை, ஆறு அங்குலத்துக்கு ஒண்ணு. அடிப்பாகத்தை வெட்டி எடுத்துட்டு நேரா மண்ணு மேல வைங்க, தண்ணியும் இறங்கும், மண்புழுவும் ஏறும். அடியில அரை அங்குலக் கம்பி வலை கட்டாயம், இல்லாட்டி பெருச்சாளி குடி வந்துடும். நடுவுல ஓட்டை போட்ட பீவீசீ குழாய் ஒண்ணு நிறுத்துங்க. மூங்கில்னா கணு உடைச்சி, சுத்தி ஓட்டை போட்டா அதுவும் ஆகும். மூடியில ஓட்டை வேணாம், அது வழியா மழைதான் இறங்கும்.

[காலை 8.21] பாக்கியம் அக்கா: சோறு போடாத. எலிக்கு அதுதான் விருந்து. கோழிக்குப் போடு. மீன் தலை, இறைச்சி எல்லாம் ஒண்ணரை அடி தோண்டிப் புதைச்சிடு, மேல ஒரு கல்லு வை, நாய் தோண்டும். தினம் புதுசாப் போடுறத நடுவுல போட்டு மேல காஞ்சது மூடியே ஆகணும். ஈ வராது.

[காலை 8.34] கலா: பீப்பாவை விட குழி வெட்டினா சுகம்னு மாமா சொல்றாரு.

[காலை 8.40] ராஜு அண்ணன்: வேண்டவே வேணாம். குழி வறண்ட பிரதேசத்து முறை. அங்க ஈரம் காய்ஞ்சிடாம இருக்கக் குழி. நமக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. வட்டவளைப் பக்கம் குழி வெட்டினா ஒரே ராத்திரியில கிணறு. அதுவும் லயத்து வீடுகளுக்குப் பின்னாடி சரிவுல குழி தோண்டி தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கவே கூடாது, மண் சரியிற இடம். மேடுதான் போடணும். மேட்டுக்கு மேல் பக்கம் ஒரு முழ அகலத்துக்குக் கான் வெட்டி மழைத் தண்ணிய ஒதுக்கி விடுங்க. தண்ணி பிடிக்கிற பீலிக்கும் ஊத்துக்கும் மேல் பக்கமா மட்டும் போடாதீங்க, கசியிற தண்ணி நேரா அங்கதான் வரும்.

[காலை 8.52] ராஜு அண்ணன்: இடம் இருக்கிறவங்க மேடு போடுங்க, பீப்பாவ விட நல்லது. சூடு ஏற நீளம், அகலம், உயரம் மூணும் மூணேகால் அடி, ஒரு கன மீட்டர் வேணும். அதுக்குக் குறைஞ்சா நுவரெலியாக் குளிர் உள்ள சூட்டை உறிஞ்சிடும். காஞ்ச புல்லு ஆறு அங்குலம், அது மேல காட்டுச் சூரியகாந்தி இல்லாட்டி சீமைக்கிளுவைத் தழை மூணு அங்குலம், மாட்டெரு கரைச்ச தண்ணி அரை வாளி, ஒரு சிரட்டை பழைய மண். இப்படியே அடுக்கி நாலடி வரைக்கும் போங்க, ஒரு கிழமையில அமுங்கிடும். கடையில விக்கிற நுண்ணுயிர்ப் பொடி வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. மேல படங்கு, பக்கத்துல காத்துக்குத் திறந்தபடி.

[காலை 8.55] மேரி டீச்சர்: மூணு நாலு நாள்ல 55 பாகை தாண்டணும். அலவாங்கை நடு வரைக்கும் குத்தி பத்து நிமிசம் விட்டு எடுத்து, உள்ள இருந்த நுனியத் தொட்டுப் பாருங்க. கையில பிடிச்சிக்கிட்டே இருக்க முடியாட்டி சூடு சரி. 55க்கு மேல மூணு நாள் நின்னாத்தான் புல் விதையும் பெரும்பாலான நோய்க் கிருமியும் சாகும். ஓரத்துல இருக்கிறதுக்கு அந்தச் சூடு கிடைக்காது, அதான் பிரட்டுறப்ப வெளியில இருக்கிறத உள்ளுக்குப் போடணும். பத்து நாளைக்கு ஒருக்கா, மூணு தடவை.

[காலை 9.07] சிவா (பண்டாரவளை): பீப்பா சூடாகாது. அதனால பீப்பாக்காரங்க நோய் பிடிச்சதைப் போடவே வேணாம்.

[காலை 9.15] ராஜு அண்ணன்: மேட்டுக்காரங்களும் சிலதைப் போடக் கூடாது. வேர் கழலை மாதிரி வீங்கின கோவா, ராபு, நோக்கோல். அந்த நோயோட வித்து மண்ணுல பல வருசம் கிடக்கும், சாதாரணச் சூட்டுக்கு அசையாது. உருளைக்கிழங்குல வாடல் வந்த செடி, அழுகின கிழங்கு, கிழங்கு கழுவின மண்ணு, எதுவும் வேணாம். நுவரெலியாப் பக்கம் வட்டப்புழு உள்ள வயல் மண்ணு ஒரு கை வந்தாலும் போதும், வீட்டுப் பாத்தி கெட்டுடும்.

[காலை 9.18] கலா: தேயிலை மலையில கவ்வாத்து வெட்டின கொப்பு நிறையக் கிடக்கு. அதை எடுக்கலாமா?

[காலை 9.26] பாக்கியம் அக்கா: எடுக்காத. அது அந்த மலைக்கே திரும்பப் போற உரம். கேக்காம எடுத்தா சண்டையும் வரும். தேயிலைக் கொப்புள நோய்க்கு செம்பு மருந்து அடிச்ச இலைன்னா அந்தச் செம்பு மக்கிப் போறதும் இல்ல, உன் பாத்தியில வந்து சேரும். வீட்டுச் சாயச் சக்கை போதும், அது நல்ல சாமான். டீ பேக்னா கிழிச்சி சக்கைய மட்டும் போடு, நிறையப் பைகள்ல பிளாஸ்டிக் இருக்கு.

[காலை 9.30] கலா: அடுப்புச் சாம்பல்? மண் புளிப்பைக் குறைக்கப் போடுற டொலமைட் தூள்?

[காலை 9.38] மேரி டீச்சர்: சாம்பல் ஒரு வாளிக் கழிவுக்கு ஒரு பிடி. டொலமைட் குப்பையில வேணவே வேணாம். ரெண்டும் காரம். காரம் கூடினா நைதரசன் அமோனியாவாகிக் காத்துல போயிடும், மூக்கைக் குத்துற வாசம் அதுதான். நம்ம தேயிலை மண்ணு புளிப்பு, மரக்கறிக்கு டொலமைட் தேவைதான். அதை நடுறதுக்கு ரெண்டு மூணு கிழமைக்கு முன்னாடி நேரா மண்ணுல கலந்துடுங்க.

[காலை 9.41] இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[காலை 9.44] சிவா (பண்டாரவளை): உள்ள புழு நெளியுதுன்னு கேக்கப் போறாங்க, இப்பவே சொல்றேன். தட்டையா, சாம்பல் நிறமா, கால் இல்லாம இருந்தா விட்டுடுங்க, அது குப்பை தின்னி. வெள்ளையா மொத்தமா, வளைஞ்சி, மண்ணிறத் தலையோட ஆறு காலும் இருந்தா பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க. அது பாத்திக்குப் போனா கிழங்கைக் குடையும்.

[காலை 9.50] கலா: எத்தனை மாசத்துல கிடைக்கும்? ரெடியான்னு எப்படித் தெரியும்?

[காலை 10.02] பாக்கியம் அக்கா: மேடு நாலு மாசம், பீப்பா ஆறு மாசம். கீழ்நாட்டுக்காரன் மூணு மாசம்னு சொல்றத நம்பாத, அங்க வெக்கை வேற. மண் வாசம் வரணும், பிரட்டினாலும் சூடாகக் கூடாது. ஈரமா ஒரு பிடிய பொலித்தீன்ல கட்டி மூணு நாள் வச்சித் திற. புளிச்ச வாசம் வந்தா ஆகல. பத்து ராபு விதை போட்டுப் பாரு, குறைஞ்சது எட்டு முளைக்கணும்.

[காலை 10.09] மேரி டீச்சர்: பாதி மக்கினதைப் போட்டா அது மக்க மண்ணுல இருக்கிற நைதரசனை இழுத்துக்கும், செடி மஞ்சளாகும். 2021ல இரசாயன உர இறக்குமதியைத் தடை பண்ணினப்ப அவசரத்துல செஞ்ச பசளை நிறைய அப்படித்தான்.

[காலை 10.15] ராஜு அண்ணன்: டீச்சர் சொல்றதுக்கு ஒரு கணக்கும் சேர்த்துக்கங்க. நல்ல கொம்போஸ்ட்ல நைதரசன் நூத்துக்கு ஒண்ணு. 50 கிலோ மூட்டையில அரைக் கிலோ. யூரியாவுல 46 வீதம். ஆக ஒரு மூட்டை கொம்போஸ்ட்ல உள்ளது ஒரு கிலோ யூரியா அளவு, அதுவும் மெல்ல மெல்லத்தான் வெளிய வரும். ஒரு போகத்துல யூரியா வேலைய இதுட்ட எதிர்பார்த்தா ஏமாற்றம்தான். மண்ணு பொலபொலன்னு ஆகி ஈரம் பிடிக்கிறதுக்கு மட்டும் இதை விட்டா வேற ஒண்ணும் இல்ல.

[காலை 10.18] கலா: பாத்திக்கு எவ்வளவு?

[காலை 10.22] ராஜு அண்ணன்: மீட்டருக்கு மீட்டர் இடத்துக்கு ரெண்டு கிலோ, மேல் மண்ணுல நாலு அங்குல ஆழத்துக்குக் கலந்து. பையில நடுறதுன்னா மண்ணு, கொம்போஸ்ட், மணல் சம பங்கு. அடை மழையில போடாதீங்க, சரிவோட கழுவிட்டுப் போயிடும்.

[காலை 10.25] கலா: அரிக்கணுமா அக்கா?

[காலை 10.31] பாக்கியம் அக்கா: பைக்கும் நாத்து மேடைக்கும் அரை அங்குல வலையில அரி. பாத்திக்கு அரிக்க வேணாம். வலையில நிக்கிற குச்சி, முட்டைத் தோடு எல்லாம் அடுத்த பீப்பாவுல போடு, அதுல உள்ள நுண்ணுயிரே அடுத்ததுக்கு உறை.